தயவுசெய்து பிளம்பரை அனுப்ப வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பதினோரு ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்துவரும் கடிகாரம் பழுதுபார்ப்பவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சுவருக்குள் இருக்கும் பதினேழு பேரும் சுகம். அங்கே தாங்களும் வீட்டிலுள்ள பெரியவர் சிறியவர் எல்லோரும் அதேபோல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினேழு பேர் என்றதும் உங்களைக் கேட்காமல் ஆள் சேர்த்துவிட்டேனோ என்று பதற வேண்டாம். எல்லோரும் என் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருப்பார்கள். விவரம் கீழே வருகிறது.

பொருள்: மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து என் வேலை அறைக்குள் வரும் நீர்க்கசிவை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது பற்றி.

இது நான் தங்களுக்கு எழுதும் நாற்பத்து நான்காவது கசிவுக் கடிதம். முந்தைய நாற்பத்து மூன்றிலும் உடனே ஆள் அனுப்பி ஒழுகலை நிறுத்துங்கள் என்று கேட்டிருந்தவன், இப்போது நிறுத்தாதீர்கள் என்று கேட்கிறேனே, கடிகாரக்காரனுக்கு மறை கழன்றுவிட்டதா என்று தாங்கள் நினைக்கலாம். என் மனைவி அப்படித்தான் நினைக்கிறாள், அதை மறைக்கவும் இல்லை. நாற்பத்து மூன்று கடிதங்களில் முப்பத்தாறாவது கடிதத்துக்கு மட்டும் "பார்க்கலாம்" என்று ஒரே சொல்லில் தாங்கள் பதில் எழுதியிருந்தீர்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட தாங்கள் நேற்று முன்தினம் திடீரென்று, "பதினோரு வருஷமா ஒழுகுதா? எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. வியாழக்கிழமை காலைல பிளம்பர் வருவார்" என்று செய்தி அனுப்பியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்று செவ்வாய். நடுவில் ஒரே ஒரு புதன்கிழமைதான் இருக்கிறது என்பதால், வேலைக்கு வந்த மூன்று கைக்கடிகாரங்களை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் வேலை அறை தாங்கள் அறிந்ததுதான், ஒரு மேசையும் ஒரு விளக்கும் என் நாற்காலியும் போட்டால் நான் உள்ளே போகப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். அதன் மூலைச் சுவருக்கு நேர் மேலே நர்ஸம்மாவின் குளியலறை. நான் குடிவந்த மூன்றாம் மாதமே அந்த மூலையில் ஈரம் கண்டது, ஆறாம் மாதம் சொட்டியது, ஒரு வருடத்தில் சுவரெல்லாம் பச்சையாகப் பாசி பிடித்தது. கீழே ஒரு பழைய எனாமல் பேசினை வைத்தேன், என் மனைவி அதற்குப் பக்கத்தில் ஒரு தொட்டிச் செடியை வைத்து "பாக்கவாவது நல்லாருக்கட்டும்" என்றாள். நர்ஸம்மா முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக் குழாய்தானே ஒழுகுகிறது, அவர் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கட்டிடம் தங்களுடையது, தாங்கள்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. மாதம் ஒருமுறையாவது படியேறிப் போய்ச் சண்டை போடுவேன். ஆனால் அவரோடு சண்டை போடுவது லேசில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். நான் ஆரம்பித்து நான்கு வார்த்தை பேசுவதற்குள் "உங்களுக்கு மூச்சு வாங்குது, இப்படி உக்காருங்க" என்று வாசலிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, என் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாடி பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் எப்படி ஐயா கத்துவது? எண்ணி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதற்குள் சொல்ல வந்த பாதி மறந்துபோகும். இப்படியே பத்து வருடம் போனது.

பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. போன வருடத் தொடக்கத்தில் ஒருநாள் மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன், டிக் டிக் என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஆனால் என் மேசையில் அன்று இருந்த ஒன்பது கடிகாரங்களும் ஓடாதவை, ஓடாததால்தான் என்னிடம் வந்தவை. எந்தக் கடிகாரம் என்னை ஏமாற்றுகிறது என்று ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தேன். சத்தம் நிமிடத்துக்கு நாற்பது முறை வந்தது. நிமிடத்துக்கு நாற்பது முறை டிக் என்கிற கைக்கடிகாரத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆசை விடவில்லை. இரண்டு நாள் சாப்பாடுகூட மேசைக்கே வந்தது. ஒன்பதையும் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டியும் சத்தம் நிற்கவில்லை. இந்த வகையில் கேட்காமலே ஒன்பது வாடிக்கையாளர்களுக்கு முழு சர்வீஸ் நடந்துவிட்டது. மூன்றாம் நாள் அந்த ஒன்பதில் ஒன்றை வாங்கிப் போக அதன் சொந்தக்காரப் பெண் வந்தார். "உங்க வாட்ச் நின்னிருக்கும்போதும் சத்தம் போடுதும்மா" என்று நான் கவலையோடு சொன்னேன். அந்தப் பெண் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, என்னைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, நேராக மூலைக்குப் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். "சார், இது வாட்ச் இல்ல. தயவுசெஞ்சு அசையாம நில்லுங்க" என்றார். நான் நின்றேன், கையில் அவருடைய வாட்ச்சோடு.

அந்தப் பெண் தவளைகளை ஆராய்ச்சி செய்பவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குத் தவளைப் பெண் என்றே பெயர், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. பாசிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தவளை கண்ணை உருட்டிக்கொண்டு வெளியே வந்தது. இந்த இனம் ஊரை விட்டே போய்விட்டதாக எல்லோரும் முடிவு கட்டி முப்பது வருடம் ஆகிறதாம். அவர் குளம் குளமாக, வாய்க்கால் வாய்க்காலாக நான்கு வருடம் தேடியது, என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக் டிக் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அழுதுவிட்டார். என் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்து, "இதுக்கா அழுவாங்க?" என்று கேட்டாள். எனக்கும் அப்போது தெரியவில்லை. ஆனால் அன்று மாலை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். நான் பத்து வருடம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த சுவர் அது. அதில் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா ஐயா? ஒரு தவளை இன்னொன்றின் தோளில் கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா இருக்கிறது. என்ன யோசிக்கும்?

தவளைப் பெண்தான் ஃபெலோஷிப் விஷயத்தைக் கொண்டுவந்தார். உயிரினங்களைப் பலர் கூடிக் காப்பாற்றும் முயற்சிகளுக்கென்று ஒரு உதவித்தொகைத் திட்டம், பதினான்கு பக்கப் படிவம். தனி ஆளுக்குக் கிடையாது. அந்த இடத்தில் வாழ்கிற இரண்டு தரப்பாவது சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பு சேர்ந்தால் விசேஷம். ஒன்பதாம் கேள்வி, "கூட்டாளிகளுக்கிடையே முன்பு கருத்து வேறுபாடு இருந்ததா? சுருக்கமாக விவரிக்கவும்" என்று கேட்டது. நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் தங்களுக்கு எழுதிய கடிதங்களின் நகல்களை அப்படியே இணைத்தேன், தேதி வாரியாக, எந்த மாதம் எத்தனை சொட்டு, சுவரில் எத்தனை அங்குலம் ஈரம் என்ற கணக்கோடு. பின்னால் அதைப் பார்த்து அந்தக் கமிட்டியே அசந்துபோனதாம். எந்த விஞ்ஞானியும் ஒரு சுவரைப் பத்து வருடம் விடாமல் கவனித்ததில்லையாம். ஆகவே தாங்கள் பதில் போடாததால்தான் அத்தனை விவரம் சேர்ந்தது என்பதை நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எல்லாம் சரி, இன்னொரு தரப்பு யார்? நர்ஸம்மாதான். அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும், அதைவிட, ஒழுகலை நிறுத்தாமல் இருக்க வேண்டும். ஈரம் போனால் பாசி போகும், பாசி போனால் இவர்கள் போய்விடுவார்கள் என்று தவளைப் பெண் அடித்துச் சொன்னார். பத்து வருடமாக நிறுத்து நிறுத்து என்று யாரோடு சண்டை போட்டேனோ அவரிடமே போய் நிறுத்தாதீர்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, படிவத்தோடு படியேறினேன். சிரித்த முகமாகப் போகச் சொல்லியிருந்தாள் மனைவி. கதவைத் திறந்த நர்ஸம்மா வழக்கம்போல் ஸ்டூலை எடுக்கப் போனார். "இல்லங்கம்மா, சண்டைக்கு வரல" என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தவளை, பாசி, முப்பது வருடம், ஃபெலோஷிப். கடைசியில், "ஒழுகறத மட்டும் நிறுத்திடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். அவர் குளியலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நாடிகூடப் பார்க்கவில்லை. பிறகு, "பேனா இருக்கா?" என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து இந்தப் பதினான்கு மாதமாக சனிக்கிழமைதோறும் கூட்டம். திட்டத்தின் விதி அது. எங்கே கூடுவது என்ற பேச்சு வந்தபோது நர்ஸம்மா, "உங்க வீட்டுலயும் வேணாம், எங்க வீட்டுலயும் வேணாம், நடுவுல கூடலாம்" என்று சொல்லிவிட்டார். எனவே மாடிப்படி திரும்புகிற இடத்தில் இரண்டு நாற்காலியும் ஸ்டூலும் போட்டு உட்காருகிறோம். நாற்காலிகள் எங்களுக்கு, ஸ்டூல் தவளைப் பெண்ணுக்கு. யாராவது மேலே ஏற வந்தால் மூன்று பேரும் எழுந்து வழி விட வேண்டும். முதல் இரண்டு மாதம் எனக்கு ஒரே வருத்தம். காலை ஏழு மணிக்குக் கசிவு கொட்டு கொட்டென்று கொட்டும், மாலைக்குள் சுத்தமாக நின்றுவிடும். முன்பு இப்படி இல்லை. "இதுக்கு ஒரு ஒழுங்கே இல்லங்க, தவளைங்க பாவம் மிரளுது" என்று கூட்டத்தில் குறைப்பட்டுக்கொண்டேன். நர்ஸம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு, "எவ்வளவு விழுந்தா அதுங்களுக்கு நல்லது?" என்று விசாரித்தார். "நிமிஷத்துக்கு ஆறு சொட்டு இருந்தா போதும்மா" என்றார் தவளைப் பெண். ஐயா, நீங்கள் நம்ப மாட்டீர்கள், அடுத்த திங்கட்கிழமை உட்கார்ந்து எண்ணுகிறேன், நிமிடத்துக்கு ஆறு. மறுநாளும் ஆறு. இயற்கை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பதை என் கண்ணால் கண்டேன், அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

அப்போது பிடித்துக்கொண்டது எனக்கு இந்தப் பைத்தியம். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் எத்தனை விநாடி என்று தினமும் மூன்று வேளை குறிக்கிறேன். இந்தக் கசிவு சாவி கொடுக்கிற பழைய கடிகாரம் மாதிரி நடந்துகொள்கிறது. காலை ஏழு மணிக்குச் சுறுசுறுப்பாக இருக்கிறது, மெல்ல மெல்ல இறங்கி மாலை ஆறரைக்கு ஒரு சொட்டு குறைகிறது, ஏழு மணிக்கு மறுபடியும் புதுசாகிவிடுகிறது. ஏன் ஏழு? குழாயில் தண்ணீர் வரும் நேரமா என்று பார்த்தேன், இல்லை. வெயிலா என்று பார்த்தேன், இல்லை. நாற்பது வருடம் கடிகாரத்தைப் பிரித்த எனக்கு ஒரு சுவரைப் பிரித்துப் பார்க்க முடியவில்லையே என்று இருக்கிறது. என் மனைவி, "மேல போய் பாத்தா தெரிஞ்சிடுமே" என்கிறாள். ஆராய்ச்சியில் அப்படியெல்லாம் அவசரப்படக் கூடாது என்றும், தனியாக இருக்கும் ஒரு அம்மாவின் குளியலறையை நான் எப்படிப் போய்ப் பார்ப்பது என்றும் அவளுக்கு விளக்கினேன்.

இன்னும் இரண்டு விசித்திரம் உண்டு. ஒன்று, தவளைப் பெண் பேசின் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். குழாய்த் தண்ணீரில் போடுகிற மருந்து இந்தத் தவளைகளுக்கு ஆகாதாம், அந்தப் பயம் அவருக்கு இருந்தது. முடிவு வந்ததும் தலையைச் சொறிந்தார். "கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி மாதிரி இருக்கு சார், எப்படின்னே புரியல" என்றார். இரண்டு பேரும் மூன்று கூட்டம் விவாதித்து, தங்கள் கட்டிடத்தின் தளத்துக்கு ஏதோ அபூர்வமான வடிகட்டும் சக்தி இருக்கிறது என்று முடிவுக்கு வந்தோம். நர்ஸம்மா அதை மறுக்கவில்லை. இரண்டாவது, எட்டாம் மாதம் கசிவு இரண்டு நாள் அடியோடு நின்றுவிட்டது. தவளைகள் பேச்சை நிறுத்திவிட்டன. நான் கண்ணாடி துடைக்கிற தெளிப்பானைக் கழுவித் தண்ணீர் ஊற்றிச் சுவரடியிலேயே உட்கார்ந்து தெளித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கசிவு வந்தது. சனிக்கிழமை நர்ஸம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் குளிக்காததால் ஒழுகவில்லை. "உடம்பப் பாத்துக்குங்கம்மா. நீங்க குளிச்சாத்தான் நம்ம திட்டம் ஓடும்" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, இருமல் வந்து, தவளைப் பெண் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்படியாக, முதலில் எண்ணியபோது ஐந்தாக இருந்த தவளைகள், விரிசல்களில் ஒளிந்திருந்தவையும் ஒவ்வொன்றாக வெளியே வரப் பதினேழு ஆயின. போன மாதம் இறுதி அறிக்கையும் எழுதியாயிற்று. அதில் ஒவ்வொரு கூட்டாளியும் என்ன செய்தார் என்று ஒரு பகுதி. என் பங்கு மூன்று பக்கம் வந்தது. எண்ணியது, குறித்தது, தெளித்தது, நாற்காலியைத் திருப்பிப் போட்டது எதையும் விடவில்லை. நர்ஸம்மாவின் பங்குக்கு என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "கசிவை அனுமதித்தார்" என்று ஒரு வரி எழுதினேன். படித்துக் காட்டியபோது நர்ஸம்மா, "போதும், நிறைவா இருக்கு" என்றார். பெருந்தன்மையான மனுஷி. தங்கள் பங்கும் விட்டுப்போகக் கூடாது என்று, "பதினோரு ஆண்டுகள் எவ்விதத்திலும் தலையிடாமல் ஒத்துழைத்தார்" என்று நான்தான் எழுதினேன். அதன் பேரில்தான் கமிட்டி தங்களுக்கு நன்றிச் சான்றிதழ் அனுப்பியது. அதைப் பார்த்துத் தாங்கள் இப்படி மனம் மாறுவீர்கள் என்று நான் கண்டேனா? நாற்பத்து மூன்று புகார்க் கடிதத்துக்கு அசையாத தங்களை ஒரே ஒரு பாராட்டு அசைத்துவிட்டது. இது முன்பே தெரிந்திருந்தால் முதல் வருடமே பாராட்டியிருப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பேசினுக்கு மேலே, பாசியில், சோப்பு நுரை மாதிரி ஒன்று இருந்தது. தவளைப் பெண்ணுக்குப் படம் அனுப்பினேன். அவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முட்டைகள். இந்த இனம் முட்டையிட்டதை யாருமே பார்த்ததில்லையாம். அந்த நுரை மூன்று வாரம் ஈரமாக இருந்தால் குஞ்சுகள் பேசினுக்குள் விழும். இரண்டே நாள் காய்ந்தாலும் எல்லாம் முடிந்தது. தெளிப்பானெல்லாம் இதற்குப் பத்தாது, மேலேயிருந்து ஊறி வருகிற ஈரம்தான் வேண்டும் என்கிறார். அதைச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிய ஒரு மணி நேரத்தில் தங்கள் செய்தி வருகிறது. ஐயா, எனக்கு வயது அறுபத்து மூன்று. பிள்ளைகள் இல்லை. ஓடாததை ஓட வைப்பதுதான் இதுவரை என் பிழைப்பு. தானாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று நின்றுவிடுமோ என்று பயந்து இதற்கு முன் நான் தூக்கம் கெட்டதில்லை. இந்த மூன்று வாரம் மட்டும், முடிந்தால் இன்னும் பதினோரு வருடம், தாங்கள் வழக்கம்போல் எதுவும் செய்யாமல் இருந்து அருள வேண்டும். வியாழக்கிழமை பிளம்பர் வந்தால் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன் என்பதையும் மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடியின்றி நீடூழி இருக்க வேண்டும். தங்கள் வீட்டுக் குழாய்கள் ஒழுகாமல் இருக்க வேண்டும், ஒழுகினாலும் நல்லவிதமாக ஒழுக வேண்டும். அம்மா அவர்களுக்கு என் மனைவியின் அன்பு விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்த்தளத்துக் கடிகாரக்காரன்
(திட்டத்தின் முதல் கூட்டாளி)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். பிளம்பர் தாராளமாக வரலாம். அவர் சரிசெய்ய இங்கே ஒன்றும் இல்லை.

திட்டத்துக் கடிதம் எதுவானாலும் இரண்டு கூட்டாளிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. இன்று சனிக்கிழமை இல்லை, ஆனால் அவசரம், எனவே கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலேயே போய்விட்டேன். மாலை ஏழு மணி. கதவு திறந்திருந்தது. "யாரு? கொஞ்சம் இருங்க, கை வேலையா இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குளியலறைக் கதவும் திறந்துதான் இருந்தது. உள்ளே, ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்குமே, அந்தக் கம்பி ஸ்டாண்டு. அதில் தலைகீழாக ஒரு பாட்டில், பாட்டிலிலிருந்து மெல்லிய குழாய், நடுவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குட்டிச் சக்கரம். குழாயின் நுனி, மூலையில் தரை ஓடு பெயர்த்த ஒரு ஓட்டைக்குள் போகிறது. பக்கத்தில் ஆற வைத்த தண்ணீர், மூடி போட்ட பாத்திரத்தில். நர்ஸம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு அட்டை. நோயாளி பெயர் என்ற இடத்தில் "கீழ்வீட்டுச் சுவர்" என்று எழுதியிருந்தது. தேதி, நேரம், சொட்டு, கையெழுத்து, காலை ஏழு, மாலை ஏழு, காய்ச்சலாகக் கிடந்த இரண்டு நாள் தவிர ஒருநாள் விடாமல். கடைசிக் கட்டத்தில் குறிப்புகள். "தவளைச் சத்தம் நன்று. கடிகாரக்காரர் நன்று."

ஸ்டூலை அவர் எடுத்துப் போடுவதற்கு முன் நானே உட்கார்ந்துவிட்டேன்.

குழாயை அவர் தன் பொறுப்பில் சரிசெய்து பதினான்கு மாதம் ஆகிறது ஐயா. நான் படிவத்தோடு போனேனே அந்தச் செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை. "உங்களுக்கும் எனக்கும் மாசாமாசம் சண்டை வேணாம்னு நானே ஆள் கூப்பிட்டு சரி பண்ணிட்டேன்" என்றார். "மறுநாளே வந்து நிறுத்தாதீங்கன்னு நிக்கறீங்க. பத்து வருஷத்துல அன்னிக்குத்தான் சிரிச்சுக்கிட்டே படியேறி வந்தீங்க. எப்படிச் சொல்றது? சுவர் காய நாலு நாள் ஆகும், அதுக்குள்ள ஏதாவது செய்யலாம்னு கையெழுத்துப் போட்டேன்." முதல் இரண்டு மாதம் வாளியால் ஊற்றியிருக்கிறார். நான் ஒழுங்கில்லை என்று குறைப்பட்டதும்தான் இந்த ஏற்பாடு. சாவி கொடுக்கிற கடிகாரம் மாதிரி இருக்கிறது என்று ஒரு வருடம் வரைபடம் போட்டவனுக்கு, சாவி கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே என்று ஒருநாளும் தோன்றவில்லை.

கீழே வந்து தவளைப் பெண்ணுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையில் பொய் இருக்கக் கூடாது அல்லவா. அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "ரெண்டாவது கூட்டாளி பங்கு ஒரே வரியில இருக்கேன்னு கமிட்டில ரெண்டு தடவ கேட்டாங்க சார். அந்தப் பக்கத்த இப்ப முழுசா எழுதி அனுப்புங்க" என்றார். நர்ஸம்மா வேண்டாம் என்கிறார், "கசிவை அனுமதித்தார்"னே இருக்கட்டும் என்கிறார். நான் விடப்போவதில்லை. தங்கள் சான்றிதழைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, தாங்கள் எதுவும் செய்யவில்லை என்பது இப்போதும் உண்மைதான். பிளம்பரிடம் மட்டும், மூலையில் ஒரு ஓட்டையைக் கண்டால் காணாததுபோல் போய்விடும்படி சொல்லிவைக்கவும்.

இன்னொன்று. நர்ஸம்மாவின் மகளுக்கு வெளியூரில் அறுவை சிகிச்சை, புதன்கிழமை கிளம்பிப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வர வேண்டுமாம். முட்டையை விட்டுவிட்டு எப்படிப் போவது, யாரிடம் எதைச் சொல்லிவிட்டுப் போவது என்று, முட்டைச் செய்தியை நான் சொன்ன ஞாயிறு முதல் அவரும் தூங்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சாவியைக் கையில் கொடுத்து, பாட்டிலை மாற்றும் விதம் காட்டி, சக்கரத்தைத் திருப்பும் விதம் காட்டி, சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "நிமிஷத்துக்கு ஆறு சொட்டு, கூடவும் கூடாது குறையவும் கூடாது. வாட்ச் பாத்து எண்ணத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாதுங்கம்மா, சொல்லிக்கொடுங்க" என்றேன்.